500 வெள்ளிக்குள் டாலி (கேமராவை வைத்து உருட்டும் வண்டி): தோட்டத்தில் குறும்படம் எடுக்க எது சரிப்படும்?

செம்பனைப்பிள்ளை | வெள்ளிக்கிழமை, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். மலேசியாவில், தெலுக் இந்தானிலிருந்து ஊத்தான் மெலிந்தாங் போகிற சடக்கில் (சாலையில்), உள்ளே தள்ளி இருக்கிற ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் இருக்கிறேன். என் பாட்டி இங்கேதான் 31 வருஷம் உரம் போட்டார், உதிரிப்பழம் பொறுக்கினார். பழைய லயத்து வீடுகளை (தொழிலாளர் வரிசை வீடுகளை) அடுத்த வருஷம் இடிக்கப் போகிறார்களாம். அதற்குள் பாட்டியை வைத்து 15 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்துவிட வேண்டும்.

கேமரா கூட்டாளியுடையது, பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே. அதற்குள் அசைவைச் சரிசெய்கிற வசதி இல்லை. கையில் பிடித்து நடந்து பார்த்தேன், பார்க்கவே முடியவில்லை. லென்ஸ், கூண்டு, பேட்டரி எல்லாம் சேர்த்தால் இரண்டரைக் கிலோ வருகிறது.

கேமரா நகர வேண்டிய இடங்கள் நான்கு:

விடியற்காலையில் பாட்டி லயத்து அஞ்சடியில் (வீட்டு முன்னால் உள்ள நடைபாதையில்) பத்தடி தூரம் நடக்கிறார், கேமரா பக்கவாட்டில் கூடவே போக வேண்டும். செம்பனை வரிசைக்குள் பக்கவாட்டில் ஓர் ஓட்டம். வீட்டுக்குள் பாட்டி முகத்தை நோக்கி மெதுவாக நாலடி நெருங்குவது. அப்புறம் டவுனில் சாய்ந்த கோபுரத்துக்கு முன்னால் ஒரு சின்ன நகர்வு.

கையில் இருப்பது 500 வெள்ளி (ரிங்கிட்). இணையத்தில் ரப்பர் டிராக்கோடு (அது உருளும் தடம்) ஒரு டாலி 380 வெள்ளிக்கு இருக்கிறது. கேமராவை வழுக்கி நகர்த்துகிற நாலடி ஸ்லைடரும் பார்த்தேன். இல்லையென்றால் பிவிசி குழாய் வாங்கி, அதையே டிராக்காகப் போட்டு நானே செய்துவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கிம்பல்காரன் | வெள்ளிக்கிழமை, இரவு 10.52

தம்பி, இந்தக் காலத்தில் டாலி எதற்கு? பழைய கிம்பல் ஒன்று பிடித்துக்கொள்ளுங்கள், கையில் பிடித்து நடந்தாலும் கேமராவை ஆடாமல் வைத்திருக்கும் கருவி அது. டிஜேஐ ஆர்எஸ் 3 மூன்று கிலோ வரை தாங்கும், உங்கள் கேமரா தாராளமாக உட்காரும். நான் கல்யாண வேலை முழுக்க அதில்தான் செய்கிறேன். தண்டவாளம், மரக்கட்டை என்று எதையும் சுமக்க வேண்டாம்.

---

தள்ளுவண்டி_அண்ணன் | சனிக்கிழமை, காலை 6.30

கிம்பல் தம்பி சொல்வது கல்யாண வேலைக்குச் சரி. ஆனால் கிம்பல் திருத்துவது கேமராவின் சாய்வையும் திரும்பலையும்தான். நடக்கும்போது உடம்பு ஏறி இறங்குகிறதே, அதை அது திருத்தாது. ஓடுகிற மாப்பிள்ளை வண்டிக்குப் பின்னால் போகும்போது அந்த ஏற்ற இறக்கம் யார் கண்ணிலும் படாது. ஒரு வயதான அம்மா அமைதியாக உட்கார்ந்திருக்கிற அறையில், முகத்தை நோக்கி நாலடி நெருங்கும்போது படும். சுவர் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும்.

நான் 18 வருஷம் டிவி நாடகங்களுக்கு டாலி தள்ளியவன். பிள்ளை, எதை வாங்குவது என்பதைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு அந்த நாலு இடத்துக்கும் போங்கள்.

பத்தடி நகர்வுக்குப் பத்தடி டிராக் போதும் என்று எல்லோரும் நினைப்பார்கள். போதாது. டாலிப் பலகையே இரண்டரை அடி நீளம். பத்தடிக் குழாயில் அது உருள மிச்சம் ஏழரை அடி. மெதுவாகக் கிளம்ப ஓரடி, மெதுவாக நிற்க ஓரடி. ஒரே வேகத்தில் ஓடக் கிடைப்பது ஐந்தரை அடிதான். கேமரா பத்தடி ஓட வேண்டுமென்றால் பதினைந்தடி டிராக் போட வேண்டும்.

ஆனால் பாட்டி நடக்கிறார் என்பதற்காகக் கேமராவும் பத்தடி நடக்க வேண்டியதில்லை. அவர் பிரேமுக்குப் பின்னாலிருந்து உள்ளே வரட்டும், நடுவில் கேமரா ஆறடி கூடப் போகட்டும், அப்புறம் அவர் கேமராவைத் தாண்டி நடந்து போகட்டும். பார்க்கிறவர்களுக்கு நீண்ட ஓட்டமாகத்தான் தெரியும்.

அடுத்தது செம்பனை. உங்கள் தோட்டத்தில் மரத்துக்கு மரம் எவ்வளவு இடைவெளி?

---

செம்பனைப்பிள்ளை | சனிக்கிழமை, மாலை 5.40

அண்ணே, அளந்துவிட்டேன். மரத்துக்கு மரம் 9 மீட்டர், முக்கோண நடவு. வரிசைக்கு வரிசை எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஹெக்டேருக்கு 140 மரம் சொச்சம் என்று மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) சொன்னார்.

அஞ்சடி சிமெண்டுத் தரைதான், ஆனால் நடுவில் வெடித்து ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. வீட்டு வாசல் 76 சென்டிமீட்டர் அகலம். செம்பனைக்குள் களிமண், மழை பெய்தால் கால் புதையும்.

---

தள்ளுவண்டி_அண்ணன் | சனிக்கிழமை, இரவு 9.05

பார்த்தீர்களா. 9 மீட்டர் என்றால் முப்பதடி. ஐந்தாறு அடி ஓட்டத்தில் ஒரு மரம் கடந்தால் பெரிது. நகர்வு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. பால்மரத் (ரப்பர்) தோட்டமாக இருந்தால் கதை வேறு, அங்கே வரிசைக்குள் மரங்கள் நெருக்கம், கொஞ்சம் தள்ளினாலே நகர்வு தெரியும்.

செம்பனையில் முன்னால் போக வேறு ஏதாவது வேண்டும். வரிசைக்கு நடுவில் வெட்டிய மட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தக் குவியலுக்குப் பின்னால் கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள். லென்ஸிலிருந்து ஒன்றரை அடியில் காய்ந்த மட்டையின் முள்ளும் ஓலையும் வேகமாக ஓடும், தூரத்து மரங்கள் மெதுவாக நகரும், பாட்டி நடுவில் இருப்பார். அகன்ற லென்ஸ் போடுங்கள். மூன்றடி ஓட்டம் போதும்.

வேகத்தையும் கவனியுங்கள். வினாடிக்கு 24 பிரேமில் எடுக்கிறீர்கள் என்றால் ஷட்டர் 180 பாகை, அதாவது 48ல் ஒரு பங்கு வினாடி. கிட்டே இருக்கிற பொருள் விறுவிறு என்று கடந்தால் படம் வெட்டி வெட்டித் தெரியும். பார்க்க வேண்டிய பொருள் ஒன்று பிரேமின் ஓரத்திலிருந்து மறு ஓரம் போக ஏழு வினாடி எடுத்தால் தொந்தரவு இல்லை. மட்டை மங்கலாகக் கடப்பதில் தப்பில்லை, பாட்டி வெட்டித் தெரியக் கூடாது.

---

மழைக்குருவி | சனிக்கிழமை, இரவு 9.48

ரப்பர் டிராக் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன வருஷம் நான் ஒன்று வாங்கினேன், எந்தக் கடை என்பது வேண்டாம். சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் ஆசை காட்டியது. தரை எப்படி இருக்கிறதோ அப்படியேதான் அது படுக்கும். டைல்ஸ் போட்ட மண்டபத்தில் அருமை. கோயில் திடலில் விரித்தேன், ஒவ்வொரு கூழாங்கல்லும் படத்தில் வந்து நின்றது. மத்தியான வெயிலில் ரப்பர் இளகி, சுருட்டி வைத்த வளைவு போகவே இல்லை. அஞ்சடி இறங்கியிருக்கிறது என்கிறீர்கள். வேண்டாம்.

---

கிரில்பட்டறை | ஞாயிறு, காலை 11.20

நான் தெலுக் இந்தானில்தான் கேட், கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். கேமரா தெரியாது, குழாய் தெரியும்.

பிவிசி வேண்டாம் தம்பி. ஒரே அளவு, ஒரே கனம் என்று வைத்துக்கொண்டால் பிவிசியைவிட இரும்பு ஏறக்குறைய அறுபது மடங்கு விறைப்பு. அலுமினியத்தைவிட மூன்று மடங்கு. வெயிலில் பிவிசி இன்னும் தொய்யும்.

இன்னொரு கணக்கு, இதுதான் முக்கியம். இரண்டு முட்டுக்கு நடுவில் குழாய் எவ்வளவு தொய்கிறது என்பது அந்த இடைவெளியின் மும்மடிக்கு ஏற்றபடி போகும். நாலடிக்கு ஒரு முட்டு வைத்த இடத்தில் இரண்டடிக்கு ஒன்று வைத்தால் தொய்வு பாதியாகக் குறையும் என்று நினைப்பீர்கள். எட்டில் ஒரு பங்காகக் குறையும். குழாய்க்குக் கூடுதல் காசு போடுவதைவிட நாலு மரக்கட்டை கூடுதலாக வைப்பது மேல்.

நான் சொல்வது ஒன்றரை அங்குல ஸ்டெயின்லெஸ் குழாய், 1.2 மில்லிமீட்டர் கனம். மீட்டருக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். இருபதடிக் குழாய் ஒன்றை நடுவில் வெட்டினால் இரண்டு பத்தடி. ஒட்டே இல்லாத டிராக் ஆச்சு.

பந்தல்காரர்களிடம் சாரக்குழாய் இரவல் கிடைக்கும், வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர், நன்றாகத் தாங்கும். ஆனால் சிமெண்டு ஒட்டி, அடி வாங்கிப் பள்ளம் விழுந்து கிடக்கும். எந்தக் குழாயையும் வாங்குவதற்கு முன் கடைச் சிமெண்டுத் தரையில் போட்டு உருட்டுங்கள். நேரான குழாய் சத்தமில்லாமல் உருண்டு போகும். வளைந்தது தக்கு தக்கு என்று குதிக்கும், அடியில் வெளிச்சம் தெரியும்.

---

கிம்பல்காரன் | ஞாயிறு, பகல் 12.05

அண்ணே, நான் பிவிசியிலும் செய்து பார்த்திருக்கிறேன். தட்டையான தரையில் குழாய் முழுக்கப் படுத்திருந்தால் தொய்வு எங்கிருந்து வரும்? உள்ளே மரக்கொம்பு செருகினால் இன்னும் நிற்கும். இருபது வெள்ளியில் முடிகிற வேலைக்கு ஸ்டெயின்லெஸ் ஏன்?

---

கிரில்பட்டறை | ஞாயிறு, பகல் 1.30

தட்டையான தரை என்றால் நீங்கள் சொல்வது சரி, அங்கே பிவிசி போதும். அவர் அஞ்சடி இறங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார். ஒரு முனையை ஆப்பு வைத்துத் தூக்கினால் குழாய் அந்தரத்தில்தானே நிற்கும்.

---

ஒலிக்காரி | ஞாயிறு, மாலை 4.10

குறும்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்கிறேன். சக்கரத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே.

ஸ்கேட்போர்டு சக்கரம் வாங்கினால் மெத்தென்ற வகை பாருங்கள், பக்கத்தில் 78ஏ என்று இருக்கும். 99ஏ, 101ஏ எல்லாம் கெட்டி, குழாயில் கரகர என்று கேட்கும். மெத்தென்ற சக்கரத்துக்கு ஒரு தொல்லை உண்டு, பாரத்தோடு ஒரே இடத்தில் இரவு முழுக்க நிறுத்தி வைத்தால் அடி தட்டையாகிவிடும். வேலை முடிந்ததும் பலகையைத் திருப்பிக் கவிழ்த்து வையுங்கள்.

பேரிங் 608 என்ற அளவு, உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22. ஏபெக் நம்பர் (பேரிங்கின் துல்லியத் தரம்) பார்த்துக் காசைக் கொட்டாதீர்கள், அது மிக வேகமாகச் சுற்றும் வேலைக்கு. நீங்கள் வினாடிக்கு அரை அடி தள்ளப் போகிறீர்கள். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ள 2ஆர்எஸ் வாங்கி உள்ளே கிரீஸ் இருக்கட்டும். வேகமாகச் சுற்றாது, அதுதான் நமக்கு வேண்டியது. அந்தச் சின்ன இழுவை தள்ளுகிறவர் கையையும் நிதானப்படுத்தும்.

பாட்டி பேசுகிற காட்சியில் டாலி ஓடுமா?

---

செம்பனைப்பிள்ளை | ஞாயிறு, மாலை 4.35

ஆமாக்கா. வீட்டுக்குள் நெருங்குகிற காட்சியில்தான் தாத்தாவைப் பற்றிச் சொல்கிறார். ஒரே தடவைதான் சொல்வார், மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்க எனக்கு மனசு வராது.

---

ஒலிக்காரி | ஞாயிறு, மாலை 4.50

அப்படியானால் முதல் நாளே காலியாக ஓட்டி, மைக்கைப் பாட்டி உட்காரும் இடத்தில் வைத்துப் பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள். கிறீச் என்று வந்தால் குழாயில் டால்கம் பவுடர் தடவித் துணியால் துடையுங்கள். எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்து மாவாக்கிவிடும். லயத்து மரத்தரையாக இருந்தால் தள்ளுகிறவர் வெறுங்காலில் நிற்கட்டும்.

---

பால்மரத்தடி | ஞாயிறு, இரவு 8.20

பிடோரிலிருந்து எழுதுகிறேன். காசே இல்லாத வழி ஒன்று, சக்கர நாற்காலி. 1959ல் பாரிஸ் தெருக்களில் ஒளிப்பதிவாளர் ரவுல் கூத்தார் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கையில் கேமரா பிடிக்க, இயக்குநர் தள்ளிக்கொண்டே போனார். எங்கள் பால்மரக் காட்டுச் சடக்கில் நானும் செய்தேன், பெரிய சக்கரத்தில் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டு. கேமராவோடு உட்காருகிறவரின் எடையே பெரிய உதவி, பாரம் கூடினால் சின்னச் சின்ன அதிர்வு அடங்கிவிடுகிறது. நீண்ட ஓட்டத்துக்கு இதுதான். அறைக்குள் நாலடிக்கு இது சரிப்படாது, உட்கார்ந்திருப்பவர் மூச்சு விடுவதும் படத்தில் வந்துவிடும்.

உங்கள் பக்கம் ஜெண்டராட்டாவில் குலை ஏற்றிப் போகிற சின்ன ரயில் இருக்கிறதே, அந்தத் தண்டவாளத்தில் எடுக்கலாமே?

---

தள்ளுவண்டி_அண்ணன் | ஞாயிறு, இரவு 9.00

வேலை நடக்கிற தண்டவாளத்தில் கேமரா வைக்கவே கூடாதும்மா. ஆபத்து, அனுமதி இல்லாமல் ஏறவும் கூடாது. அதோடு ரயில் ஒட்டுக்கு ஒட்டு தட்டும். பாட்டிக்கு அந்த ரயில் நினைவு இருந்தால் தள்ளி நின்று அது போவதை எடுங்கள், கேமரா நகரவே வேண்டாம்.

சக்கர நாற்காலி பற்றிச் சொன்னது உண்மை. நானும் தள்ளியிருக்கிறேன்.

---

செம்பனைப்பிள்ளை | வியாழன், இரவு 11.10

முடிவு செய்து, செய்தும் ஆயிற்று.

பட்டறை அண்ணன் என்னை வரச்சொல்லிக் கூலி வாங்காமல் செய்து கொடுத்தார். 18 மில்லிமீட்டர் பிளைவுட், இரண்டரை அடிக்கு இரண்டடிக்குக் கொஞ்சம் கூட. பழைய சாமான் கடையில் இரண்டு ஸ்கேட்போர்டு எடுத்து எட்டுச் சக்கரத்தைக் கழற்றினோம். மூலைக்கு ஓர் எல் வடிவ ஆங்கிள் துண்டு, அதன் இரண்டு முகத்திலும் ஒவ்வொரு சக்கரம், 8 மில்லிமீட்டர் போல்ட்டில். குழாயின் இரண்டு தோளையும் 45 பாகையில் பிடித்துக்கொள்கிறது. ஆங்கிள் துண்டுகளைப் பலகையோடு இறுக்காமல் நடுவில் ஒற்றைப் போல்ட்டில் திரும்புகிற மாதிரி விட்டார். குழாய் கொஞ்சம் கோணினாலும் சக்கரம் தானே சரிசெய்துகொள்கிறது.

ஒரு குழாயின் நடுவிலிருந்து மறு குழாயின் நடுவுக்கு 62 சென்டிமீட்டர் வைத்தோம். பெரிய டாலிகளுக்குப் பரவலாக உள்ள அளவு அதுதான் என்று பட்டறை அண்ணன் போன் போட்டுத் தள்ளுவண்டி அண்ணனிடம் கேட்டார். பின்னால் வாடகைக்கு நல்ல டிராக் எடுத்தாலும் இந்தப் பலகை ஓடும், 76 வாசலிலும் நுழையும்.

மொத்தம் 290 வெள்ளி. மிச்சத்தில் ரசமட்டம் ஒன்றும், லாரியில் சாமான் கட்டுகிற பட்டை இரண்டும் வாங்கினேன்.

அஞ்சடியில் ஓட்டிப் பார்த்தேன். ஓட்டம் நன்றாக இருக்கிறது, ஆனால் கிளம்பும்போதும் நிற்கும்போதும் கேமரா தலையாட்டுகிறது. ஒரு தடவை ட்ரைபாட்டின் பின்கால் வழுக்கிச் சாய்ந்தேவிட்டது. பக்கத்து வீட்டு அங்கிள் கேமராவைப் பிடித்துக்கொண்டார்.

---

தள்ளுவண்டி_அண்ணன் | வெள்ளிக்கிழமை, காலை 6.10

கேமரா தப்பியதே, சந்தோஷம். இனி ட்ரைபாட் காலைப் பலகையில் சும்மா வைக்காதீர்கள். கால் நிற்கும் இடத்தில் மூன்று சின்னக் கட்டை வளையம் ஆணி அடியுங்கள், கால் அதற்குள் உட்காரும். ட்ரைபாட் நடுவிலிருந்து பலகைக்குப் பட்டையைப் போட்டு இறுக்குங்கள். கால்களை முழுக்க நீட்டாதீர்கள். பலகையின் மேல் அரிசிச் சாக்கில் மணல் கட்டி இரண்டு மூட்டை, பத்துப் பத்துக் கிலோ. தலையாட்டம் பாதி அதிலேயே போகும்.

டிராக் போடும் முறை. முதலில் தரையிலேயே உயரமான இடம் எது என்று கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில் ஒரு குழாய் தரையைத் தொடட்டும், மற்ற எல்லா இடத்தையும் அந்த உயரத்துக்குத் தூக்குங்கள். பள்ளத்திலிருந்து ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் ஆப்பு அடித்துவிட்டு மறுபடி கலைக்க வேண்டி வரும். ஒரு குழாயை நீளவாக்கில் மட்டம் பார்த்து முடித்த பிறகுதான் இரண்டாவது. அதற்குக் குறுக்குக் கட்டையில் ரசமட்டம் வைத்து, இரண்டடிக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே போங்கள். ஆப்பை இரண்டு பக்கமிருந்தும் எதிரெதிராகச் செருகுங்கள், ஒற்றை ஆப்பு நழுவும். களிமண்ணில் ஆப்புக்கு அடியில் பலகைத் துண்டு போடுங்கள், இல்லாவிட்டால் நாலாவது டேக்கில் மட்டம் போய்விடும்.

தள்ளுவதற்குக் கையைப் பயன்படுத்தாதீர்கள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, முன்காலில் மெதுவாக உடம்புப் பாரத்தைச் சாயுங்கள். டாலி கிளம்புவது உங்களுக்கே தெரியக் கூடாது. நிற்கிற இடத்துக்கு ஓரடி முன்னால் தரையில் ஒரு டேப், நிற்கிற இடத்தில் இன்னொன்று. முதல் டேப் வந்ததும் பின்காலுக்குப் பாரத்தை மாற்றுங்கள். கேமராவைப் பார்க்காதீர்கள், பாட்டியைப் பாருங்கள். அவர் மூச்சு இழுத்துப் பேசத் தொடங்கும்போது நீங்களும் கிளம்பினால் நகர்வு அவருடையதாக இருக்கும்.

யார் தள்ளப் போகிறார்?

---

செம்பனைப்பிள்ளை | வெள்ளிக்கிழமை, காலை 7.00

தங்கச்சி, அண்ணே. பாட்டி பேச்சு அவளுக்குத்தான் மனப்பாடம்.

---

தள்ளுவண்டி_அண்ணன் | வெள்ளிக்கிழமை, காலை 7.12

நல்ல தேர்வு. காலியாக முப்பது தடவை தள்ளிப் பழகட்டும்.

சாய்ந்த கோபுரத்தைச் சொல்ல மறந்தேன். 1885லிருந்து அது அங்கே நிற்கிறது, சாய்வைக் கண் உடனே பிடிக்கும். பிரேமில் அது மட்டும் இருந்தால் கேமராதான் கோணல் என்று நினைப்பார்கள். பக்கத்துக் கடைவீட்டின் தூண் ஒன்றைப் பிரேமுக்குள் வைத்து, அதை நேராக நிறுத்துங்கள்.

---

செம்பனைப்பிள்ளை | அடுத்த ஞாயிறு, இரவு 9.30

வீட்டுக்குள் காட்சி இன்று முடிந்தது. மணல் மூட்டை, பட்டை, ஆப்பு எல்லாம் சொன்னபடி. தங்கச்சி வெறுங்காலில் நின்று தள்ளினாள். பாட்டி தாத்தாவின் குலைவெட்டும் அரிவாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார், நடுவில் நிறுத்தி ஜன்னலைப் பார்த்தார். தங்கச்சியும் அங்கேயே நிறுத்திவிட்டாள். இரண்டாவது டேப்புக்கு இன்னும் ஒரு சாண் மிச்சம். நான் சொன்ன இடத்தில் நிற்கவில்லை, ஆனால் அதுதான் சரியான இடம்.

ஒலி சுத்தமாக வந்திருக்கிறது, ஒலிக்காரி அக்கா. பவுடர் வேலை செய்தது.

அஞ்சடிக் காட்சி சனிக்கிழமை விடியலில், மட்டைக் குவியல் மழை விட்டதும்.

---

பால்மரத்தடி | அடுத்த ஞாயிறு, இரவு 9.55

தம்பி, உங்கள் வேலை முடிந்ததும் அந்தப் பலகையும் குழாயும் ஒரு வாரம் இரவல் கிடைக்குமா? எங்கள் பக்கம் மறுநடவுக்கு மரம் சாய்க்கிறார்கள், அதற்குள் எடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

---

செம்பனைப்பிள்ளை | அடுத்த ஞாயிறு, இரவு 10.02

எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா. பத்தடிக் குழாய், காரில் நுழையாது. மிச்சக் காட்சிகள் முடிந்ததும், பட்டறை அண்ணனின் லாரி பிடோர் வழியாகத் தாப்பா போகும்போது அதில் ஏற்றிவிடுகிறேன். பலகையைக் கவிழ்த்தே வையுங்கள், சக்கரம் தட்டையாகிவிடும்.